தண்ணி காட்டுதல்

விதை வாங்கி வந்தவன் அவன்தான்.
மண்வெட்டியை நீட்டியதும்
வேலிப்பலகையில் சாய்ந்துகொண்டான் செவெக்.
மே மாதம் பாதி போயிருந்தது.
"பூமியைக் கீறுவதா" என்றான்,
தொண்டையில் முள் மாட்டியவன்போல.
கூடாரம் பெயர்த்துப் போகும்போது
முளையடித்த குழியையும் மூடிவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள்.

நான் தோண்டினேன்.
கம்பளி ஆலையில் இரவுப் பணி முடித்த கையோடு
மூன்று பாத்தி.
ஒன்றில் முள்ளங்கி. ஒன்றில் கேரட்.
மூன்றாவதில்
மழையில் பெயர் அழிந்த ஒரு பொட்டலம்.

தண்ணீர் சரிவுக்குக் கீழே, பூர்மாவின் கொட்டகையில்.
ஜன்னலுக்குள் காசு போனால்
சுவரிலிருந்து குழாய் பேசும்.
இருபது லிட்டர் நீலக் கேன் இரண்டு,
சத்தம் போடும் கைவண்டி,
பிறகு உலான்பாதார் முழுக்கக் கீழே தெரியும்வரை ஏற்றம்.
பாதி, தேநீருக்கும் பாத்திரத்துக்கும்.
மீதிப் பாதிக்கு
மகள் சாரூலின் தலைமுடியும் முள்ளங்கியும்
ஜூன் முழுக்கச் சண்டை.

முளை விட்ட அன்று அவன் வெளியே வந்தான்.
குந்தி உட்கார்ந்து எண்ணினான்.
நூற்றுப் பதினாறு.
மறுநாள் சாயங்காலம் மறுபடியும்:
நூற்றுப் பதினாலு. இரண்டு எங்கே?
அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு
அவன் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை.
"தண்ணி காட்டணும்" என்று எழுந்தான்.
ஊற்றணும் என்று சொல்லத் தெரியாது அவனுக்கு.

குவளை குவளையாகக் காட்டினான்.
மூன்றே நாளில் பூர்மா கேட்டாள்:
"வீட்டில் குதிரை கட்டியிருக்கிறீர்களா?"
இலைகள் மஞ்சளாயின.
"ஆடு என்றால்
போதும்போது தலையைத் தூக்கும்.
இதுகள் தூக்கவே இல்லையே" என்றான்.
அன்றிரவு வெகுநேரம் உள்ளே வரவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
சுட்டுவிரலைப் பாத்திக்குள் விட்டுக்கொண்டிருந்தான்
முதல் கணு மறைய,
இரண்டாம் கணு மறைய,
கீறக்கூடாது என்ற அதே மண்ணில்.
"அடியில் இன்னும் ஈரம் இருக்கு" என்றான்
ஏதோ திருடியவன்போல.

ஜூன் ஒன்பதில் உறைபனி.
எங்கள் கூரைத் துணியை உருவிக்கொண்டு போய்
செடிகளுக்குப் போர்த்தினான்.
கூரை வளையத்தின் வழியே நட்சத்திரம் கொட்டியது.
மூவரும் ஒரே கம்பளிக்குள்
பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தோம்.
சாரூல் மட்டும் சொன்னாள்:
"அப்பா, முள்ளங்கி நமக்கா, நாம் முள்ளங்கிக்கா?"

பிறகு அந்த ஆடு.
கல்சானின் ஒற்றைக் கொம்பு ஆடு.
இரண்டு பலகைக்கு நடுவே
எப்படி நுழைந்தது என்று இன்றுவரை தெரியாது.
எங்களுக்கே தண்ணி காட்டிவிட்டு
முள்ளங்கிப் பாத்தியைத்
தரைமட்டம் மேய்ந்து முடித்து
கேரட்டை யோசித்துக்கொண்டிருந்தது.
நான் துடைப்பத்தோடு ஓடினேன்.
செவெக் கையமர்த்தினான்.
காதருகே ஏதோ முனகினான்.
விலாவைத் தடவினான். மடியைத் தொட்டான்.
நாலு வருடம் சும்மா கிடந்த விரல்கள்.
சாரூல், அந்தப் பாத்திரம் எடு.

அரைப் பாத்திரம்.
ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க்
கல்சானின் வாசலில் விட்டு
"கணக்குத் தீர்ந்தது" என்றான், அவ்வளவுதான்.
அன்றைய தேநீரில்
லேசாக முள்ளங்கிக் காரம்.
இல்லை என்றாள் சாரூல்.
இருந்தது.

இப்போது ஆகஸ்ட்.
கேரட், விரல் தடிமன்.
மூன்றாம் பாத்தியில் இடுப்புயரத்துக்கு
என்னவோ வளர்ந்து நிற்கிறது.
சிறிய மஞ்சள் பூ. கசக்கினால் மருந்து வாசம்.
தின்பதா, கட்டித் தொங்கவிடுவதா,
பூர்மாவுக்கும் தெரியவில்லை.
கேன் வந்து இறங்கியதும்
செவெக் முதலில் அதனிடம்தான் போகிறான்.
விரலை விட்டுப் பார்க்கிறான்.
குவளையைச் சாய்த்துவிட்டு
கொஞ்ச நேரம் நிற்கிறான்,
தலை தூக்குகிறதா என்று.