மூன்றாவது படகு

கென்ட் நகரக் கால்வாய்க்கு
நகராட்சி ஒரு வரைபடம் வைத்திருக்கிறது.
என்னிடம் வேறொன்று:
நூல் நுனியில் ஈயக்குண்டு கட்டி எறிந்து
மெல்ல இழுத்து
அடிமட்டத்தை விரலால் படித்தது.

வழுக்கிக்கொண்டே வந்தால் சேறு.
தடதடத்தால் சரளை.
சட்டென்று நின்று, பிடித்த பிடி விடாவிட்டால்
சைக்கிள்.
இந்த ஊரின் பாதி சைக்கிள்கள்
தண்ணீருக்குள்தான் நிறுத்தப்பட்டிருக்கின்றன.

டிராம் பணிமனையில் இரவு பத்துக்கு வேலை.
ஆறிலிருந்து ஒன்பதரை வரை
நான் கெண்டைகளின் ஊழியன்.

பாலத்தடியில் உட்கார்ந்தேன், புறாக்கள் மேலே எச்சமிட.
சலவைக்கூடத்து வெந்நீர் விழும் குழாயருகே மூன்று நாள்.
அல்லி இலைகள் அசைந்த இடத்தில் இரண்டு;
அசைத்தது தண்ணீர்க்கோழி.
ஸ்ட்ராபெரி வாசனை உருண்டை வாங்கினேன்.
கிலோ விலையைக் கேட்ட வேர்லெ
"இதை நீயே தின்னலாமே" என்றாள், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடி.
மக்காச்சோளத்தை விரல்நீளக் குஞ்சுகள் உரித்தன.
இரண்டு நாள் ஊறவைத்த கோரைக்கிழங்கு
முளைவிட்டதுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் மாலை.
கட்டிக்கிடந்த படகுகளில் மூன்றாவது.
எட்டு மணி.
வட்டச் சன்னல் திறந்து ஒரு தட்டு நீண்டு
கவிழ்ந்தது.
பட்டாணி, வெந்த உருளைக்கிழங்கு, ஏதோ பழுப்புக் குழம்பு.
கால்மணி கழித்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள்.
"ஏழு என்று சொன்னாய்!"
அதற்குமேல் கதவு மூடிக்கொண்டது.

மறுநாளும் எட்டு. அதற்கடுத்த நாளும்.
அஞ்சல் பெட்டியில் இரண்டு பெயர்: வானெஸ், லீஸ்லொட்.
நான் பார்த்ததோ மூன்றாவது தரப்பை.
எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையிலேயே
சன்னலுக்குக் கீழே குமிழ்கள்,
பொங்கும் பால்போல் சின்னச் சின்னதாய்.
ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
வீடு இரண்டுபட்டால் யாருக்கு என்று
பழமொழி சொன்னவர் தண்ணீரில் பார்க்கவில்லை.

எலுமிச்சை அளவு உருளைக்கிழங்கு.
தோலோடு, முக்கால் வேக்காடு;
முழுக்க வெந்தால் எறியும்போதே உதிரும்.
முடிபோன்ற இழையில் இரை,
முள் வெறுமையாகப் பக்கத்தில்.
இரைக்குள் ஒளியாத முள்ளைத்தான்
கெண்டை சந்தேகிப்பதில்லை.

எட்டு ஏழு. ரீல் அலறியது.

பதினொரு கிலோ.
முதுகோரம் மட்டும் நாணயம் நாணயமாய்ச் செதில்,
மற்றபடி வழுக்கையான பெருந்தோல்.
நனைத்த பாயில் கிடத்தி நிமிர்ந்தால்
சைக்கிளைப் பிடித்தபடி லீஸ்லொட்.
"விளக்குப் பிடிக்கட்டுமா?"
பிடித்தாள். மீசையைத் தொட்டுப் பார்த்தாள்.
முள்ளெடுத்த இடத்தில் மருந்து வைத்து,
தண்ணீரில் தாங்கி நின்று,
அது தானாக வாலடித்துப் போகும்வரை இருந்தாள்.
"என்ன வைத்தாய்?"
"உருளைக்கிழங்கு."
சிரித்தாள். "எங்கள் வீட்டில் எனக்கு
ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.
அத்தனையும் அவனே தின்றுவிடுகிறான்."

நான் கையைக் கழுவினேன்.
ரொம்ப நேரம் கழுவினேன்.

அன்று அவள் படகேறும்போது எட்டே முக்கால்.
உள்ளே எழுந்த சத்தத்தில்
அரைமணி நேரம் என்னுடையது.

திங்கட்கிழமை எட்டு அடித்தது, சன்னல் திறக்கவில்லை.
செவ்வாயும்.
குமிழ்கள் வந்து, காத்து, எட்டேகாலுக்குக் கலைந்தன.
உள்ளே விளக்கு எரிந்தது.
நேரத்துக்கு வந்துவிட்டாளா, வரவே இல்லையா,
திரைத்துணி சொல்லவில்லை.
பெட்டியில் இரண்டு பெயரும் அப்படியே.
கரைக் கம்பியில் சைக்கிள் இல்லை.

பையில் வெந்த கிழங்கின் சூடு ஆறிக்கொண்டிருக்க
வேறு இடம் தேடலாமென்று
ஈயக்குண்டை எறிந்து இழுத்தேன்.
மூன்றாவது படகின் பின்புறம் வந்ததும்
நின்றது.
பிடித்த பிடி விடவில்லை.

நேற்றுவரை அங்கே சரளை.