நாற்பது நொடி நிறுத்தம்

கூரை ஒழுகுகிறது என்று விடுதியை மூன்று நாள் மூடுகிறார்கள்.
அதாவது, எனக்கு விடுமுறை.

பதினோரு வருடமாக
ஃபுன்ஷால் துறைமுகத்துக்கு மேலே அந்த மேசையில் நின்று
வருகிறவர்களுக்கெல்லாம் வரைபடத்தில்
வட்டம் போட்டுக் கொடுத்தவள் நான்.
விடிவதற்குள் அரியெய்ரோ சிகரத்துக்குப் போய்விட்டால்
மேகம் காலுக்குக் கீழே கிடக்குமாம்.
போர்ட்டோ மோனிஸில்
எரிமலைக் குழம்பு உறைந்த தொட்டிகளுக்குள்
கடல் ஏறி வந்து குளித்துவிட்டுப் போகுமாம்.
ஃபனாலின் மூடுபனியில் மரங்கள்
எழுந்திருக்க மனமில்லாதவர்களைப் போலச் சாய்ந்து நிற்குமாம்.
ஒரு டச்சு தம்பதி திரும்பி வந்து
என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்கள்.
"நீ கொடுத்துவைத்தவள், இடலினா."
நான் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

ஃபிர்மினோவுக்குத் தீவு என்பது சுரங்கங்களின் கணக்கு.
வடகரைப் பேருந்து அவனுடையது.
இருட்டு, வெளிச்சம், இருட்டு,
சாந்தானாவில் சில்லறை இல்லாத ஆட்கள்,
மறுபடி இருட்டு.
"லீவிலுமா மலைப்பாதை?" என்கிறான்.

வரைபடத்தை விரித்தேன். சமையலறை மேசை போதவில்லை.
ஒரு மூலைக்கு உப்புச்சாடி,
ஒரு மூலைக்குப் பூண்டு வெண்ணெய் ரொட்டித் தட்டு,
மூன்றாவதற்கு அவன் முழங்கை.
நான்காவது சுருண்டபடியே கிடந்தது.
கிழக்கு முனை அது. "போகட்டும், அங்கே மரமே கிடையாது."

முதல் நாள் மேற்கே.
ஜிராவ் முனையில் கண்ணாடித் தரை,
கீழே ஐந்நூற்றெண்பது மீட்டர் வெறும் காற்று.
"உனக்கு ஏணியிலேயே தலை சுற்றும்."
அடித்தேன்.
இரண்டாம் நாள் மூன்றரைக்கு எழுந்து சூரியோதயம்.
தினமும் நாலரைக்கு எழுகிறவன் ஒன்றும் சொல்லாமல் பார்த்தான்.
அதையும் அடித்தேன், மெல்லிய கோடாக.
வண்டிக்கு என் தம்பி எவரிஸ்டோவின் வேன்:
வாழைத்தார் வாசனை, இரண்டாவது கியர் விழாது.
தெற்கே வெயில் என்றால் வடக்கே மழை.
குடையா தொப்பியா என்று
முக்கால் மணி நேரம் சண்டை.

நடுவில் கூரைக்காரர் போன் செய்தார்.
சேதம் குறைவுதானாம், இரண்டு நாளில் முடித்துவிடுவாராம்.
நல்ல செய்தியை இவ்வளவு வெறுத்ததில்லை நான்.

அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை.
ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாக
விரலில் ஒற்றித் தின்றுகொண்டிருந்தவன்
போவாவென்துராவைத் தாண்டி ஓரிடத்தில் அதே விரலை வைத்தான்.

"இங்கே ஒரு ஸ்டாப். பேர்கூடக் கிடையாது, கம்பம்தான்.
நாற்பது செகண்ட் நிற்பேன். முக்கால்வாசி நாள் யாரும் ஏறமாட்டார்கள்.
சுவரை ஒட்டிக் கருங்கல் படி இறங்குது.
மூணு படி தெரியும். நாலாவதை ஹைட்ரேஞ்சியா மறைச்சிடும்.
பத்தொன்பது வருஷமா மூணு படி."

"கீழே என்ன?"

"தெரியாது. ஒருநாள் என்ஜின் நின்னு போச்சு.
தண்ணி சத்தம் கேட்டது.
எல்லாரும் என்னைத் திட்டிட்டு இருந்தாங்க.
நான் கேட்டுட்டு இருந்தேன்."

அந்த இடத்தை என்னிடம் யாரும் விசாரித்ததில்லை.
என் பேனா அங்கே பட்டதே இல்லை.
வட்டம் போடப் பார்த்தேன்; மடிப்பு விழுந்த இடம், மை பிடிக்கவில்லை.
அழுத்தினேன்.
காகிதம் கிழிந்து மேசையின் மரம் தெரிந்தது.

"படி இறங்கி ஒரு பன்றிக்கொட்டிலில் முடிந்தால்?"

"பன்றியைப் பார்த்துட்டு வருவோம்."

புறப்பட இன்னும் நான்கு நாள் இருக்கிறது.
அதற்குள் அலமாரிக்குள் தலையை விட்டு
நடக்கிற காலணி தேடுகிறான்,
கிடைத்ததோ வேலைக்குப் போடுகிறதுதான்.
ஓட்டுநருக்கு வலதுகால்தான் முதலில் தேயுமாம்.
வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.
தேய்ந்திருந்தது.