முறை மாறும் வாரம்

திருவாரூரில் ஐந்து நாள் பணிமனை.
மின்விசிறியில் தாள் பறக்காமலிருக்க
ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி.
புதிய தரநிலைகள் எண்ணிட்டு வந்திருந்தன:
7.2.3, 7.2.4.
ஒவ்வொன்றும் 'மாணவர்' என்று தொடங்கி
அறிவர், ஒப்பிடுவர், பொதுமைப்படுத்துவர்
என்று முடிகிறது.
பலர்பால், எதிர்காலம்.
எங்கள் பள்ளியில் நான் எதையும்
அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

முதல் நாள் சொற்கணக்குகளை வெட்டினோம்.
ஆறு பேர் நான்கு நாளில் நடும் வயலைப்
பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் நடுவர்?
பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன்.
போன புரட்டாசியில் ஹாஜிரா எழுந்து
"பன்னெண்டு பேருக்கு எங்க சார் போறது,
மெஷின்தான் வரும்" என்றாள்.
விடை இரண்டு நாள். மதிப்பெண் இரண்டு.
அவளுக்கு ஒன்று போட்டிருந்தேன்.
அந்தக் கணக்கைச் சிவப்பால் அடிக்கையில்
கை கொஞ்சம் கூசியது.

இரண்டாம் நாள்
குறை எண்கள் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கின.
முதலில் கை தூக்கியவன் நான்.
கடனை அறியாத பதினொரு வயது
எங்கள் பக்கம் கிடையாது.
நகைச்சீட்டு எந்த டப்பாவில் இருக்கிறது என்று
அதுகளுக்குத் தெரியும்.
ஆறாம் வகுப்பு தாங்கும்.

தேநீர் வந்தது.
இருதயமேரி டீச்சர் வடையைப் பிட்டபடி கேட்டார்:
"அப்ப, இப்ப ஆறுல இருக்குற பிள்ளைங்க?"

பலகையில் கட்டம் போட்டேன்.
இந்த வருடம் ஆறு: பழைய புத்தகம், குறை எண் இல்லை.
அடுத்த வருடம் ஏழு: புதிய புத்தகம்,
'முன்பே அறிந்தவை' என்று ஒற்றை வரி.
ஒரு வகுப்பு முழுக்க
அந்த வரிக்குள் விழுந்து கிடந்தது.

எனக்குத் தெரிந்த கணக்குதான்.
ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு.
முறையை மாற்றும் வாரம்
ஏதோ ஒரு வாய்க்காலுக்கு
ஓர் அடைப்பு முடிந்து இன்னோர் அடைப்பு தொடங்கும்.
தாளில் பிழை இருக்காது.
லஸ்கர் பக்கிரிசாமி மட்டும்
ஷட்டர் சாவியோடு நின்று திட்டு வாங்குவார்.
பன்னிரண்டு நாள்.
தொண்டைக்கதிரில் நிற்கும் பயிரிடம்
போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து வந்தவர் இளைஞர், மரியாதைக்காரர்.
"இணைப்புப் பாடம் வைக்கலாம், பத்துப் பக்கம்"
என்றார். குறித்தும் கொண்டார்.
யார் அச்சிடுவது, எந்த மாதம், எந்தப் பாடவேளை?
அது வேறு பிரிவாம்.

மீதி நாட்கள் வேலை நன்றாகவே நடந்தது.
புதிய புத்தகம் நல்ல புத்தகம், சொல்லத்தான் வேண்டும்.
படங்களில் பெண் பிள்ளைகள் டேப் பிடித்து அளக்கிறார்கள்.
சதவீதத்தில் நான் எழுதிய ஒன்றும் தப்பித்தது:
தலைமதகில் ஆயிரம் கன அடி,
ஒவ்வொரு பிரிவிலும் வருவதில் பத்தில் ஒன்று போகிறது,
ஐந்து பிரிவு தாண்டி எவ்வளவு?
590.49.
"விடை முழு எண்ணாக வரும்படி மாத்தலாமே சார்."
கடைமடைக்கு முழு எண் வந்ததில்லை என்றேன்.
சிரித்தார்கள். விட்டுவிட்டார்கள்.

திருத்துறைப்பூண்டி பேருந்தில்
மடியில் பழைய ஏழாம் வகுப்புப் புத்தகம்.
இயல் ஒன்று, பதினான்கு பக்கம்.
ஆறு 'ஆ'வில் முப்பத்தொரு பேர்.
பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
நானூற்று முப்பத்து நான்கு.
இரண்டு பக்கமும் எடுத்தால் குறையும்,
ஆனால் மறுபக்க மை தெரியும் என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.
தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை
மெஹ்ராஜ் சாரிடம் கேட்டு வாங்கினேன்.
பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டும்வரை
முப்பத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பலகையில் ஒரு சின்னக் கோடு இழுத்து
பக்கத்தில் ஒன்று போட்டேன்.
குறை ஒன்று.

"எதுல சார் ஒண்ணு குறையுது?"
என்றேன்றே கேட்டான் கடைசி வரிசை ரோஷன்.
"கேம்ஸ் பீரியட்லயா?"

ஆமாம் என்றேன்.
அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.