சுற்றறிக்கை எண் 17/அ

டிசம்பர் பிறந்தால் குல்லாவைப் பற்றித்
தட்டச்சு செய்வது என் வேலை.
முதல் வருடம் ஒரே வரி:
மாணவர்கள் பள்ளி வளாகத்தில் குல்லா அணியக் கூடாது.
அதைத் தட்டும்போது என் தலையில் குல்லா இருந்தது.
அலுவலக அறை வளாகத்தில் சேராதா என்று
யாரும் கேட்கவில்லை.

மன்னவனூரில் விடிகாலைப் புல் வெள்ளையாய்க் கிடக்கும்.
குழாயைத் திறந்தால் இருமல் மட்டும் வரும்.
அந்த வாரமே பெற்றோர் வந்து வாசலில் நின்றார்கள்,
எல்லாரும் குல்லாவோடு.
ஆகவே திருத்தம்: கருநீலம் மட்டும்.
பிறகு: கருநீலமே ஆனாலும் வழிபாட்டுக் கூட்டத்தில் கழற்ற வேண்டும்.
பிறகு: பாடம் கேட்க வேண்டுமாகையால் காது வெளியே தெரிய வேண்டும்.
காதுக்குத்தானே குல்லா என்று
அடுத்த வரியில் தட்டி, அழித்தேன்.
பிறகு, பி.டி. மாஸ்டர் ஆசீர்வாதம் சார் கேட்டுக்கொண்டபடி:
உச்சியில் குஞ்சம் இருத்தல் ஆகாது.

ஜன்னலுக்கு வெளியே பண்ணை ஆடுகள்
சரிவு முழுக்கக் கம்பளியோடு மேய்ந்தன.
ஒன்றுகூடக் கருநீலம் இல்லை.

பிடுங்கியவை என் மேஜையின் கீழ் இழுப்பறையில்.
விறகுப் புகை, தேங்காய் எண்ணெய், ஒன்றில் மட்டும் யூகலிப்டஸ்.
அதற்கொரு பதிவேடு. ஆறு கட்டம்.
கோடு போட்டது நான்.

தை முடிந்த ஒரு திங்கட்கிழமை
எட்டாம் வகுப்பு கு. பவதாரணி
ரோஜா நிறக் குல்லாவில் வந்தாள்.
குஞ்சம் எலுமிச்சை அளவு.
கழற்று என்றார் சார்.
கழற்றினாள்.
உள்ளே மொட்டை. சந்தனம் காயவில்லை.

பூண்டு கிலோ முந்நூறைத் தொட்டால்
குடும்பத்தோடு முடி கொடுக்கிறேன் என்று
பழனி இருக்கும் திசை பார்த்து
வேண்டியிருந்தார் குழந்தைவேலு.
தொட்டது. நானூறையும் தொட்டது.
ஐந்து தலைகள் மலை இறங்கி
வேறு ஐந்து தலைகளாக ஏறி வந்தன.
வெலை கேட்டது அப்பா, குடுத்தது முருகன்,
எனக்கு என்ன மேடம் வரவு என்றாள்
அலுவலக அறையில் நின்று.
அழவில்லை. கணக்குக் கேட்டாள்.

மருத்துவச் சான்று இருந்தால் விலக்கு உண்டு.
மொட்டைக்கு எந்த டாக்டர் எழுதித் தருவார்?
தலைமையாசிரியை ரெஜினா டீச்சர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சாமி விஷயம். விலக்குக் கொடுத்தா
நாளைக்கு எல்லாச் சாமியும் வரும்.
கொடுக்காட்டி இன்னைக்கே வரும்."
மறுபடி துடைத்தார்.
"கருநீலத்துல ஒண்ணு வாங்கச் சொல்லுங்க."
கொடைக்கானல் சந்தை ஞாயிற்றுக்கிழமை.
இடையில் ஐந்து பள்ளி நாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
பொருள் குல்லா, நிறம் ரோஜா,
அணிந்த காரணம் முருகன்.

ஐந்து நாளும் வெறும் தலையோடு வந்தாள்.
முதல் நாள் சிரித்தார்கள்.
இரண்டாம் நாள் தடவிப் பார்க்க வரிசை நின்றது.
ஒரு தடவலுக்கு ஒரு கேரட் என்று
வசூல் செய்தாளாம்.
காது இரண்டும் சிவந்து
மடிப்பில் வெடித்திருந்ததை
வருகைப் பதிவேடு கொண்டுவந்தபோது பார்த்தேன்.
இழுப்பறை என் முழங்காலில் இடித்தது.
சாவி என்னிடம்தான் இருந்தது.

மாசிக் கடைசியில் குல்லாவைக் கேட்டு வந்தாள்.
தலையில் நெல்லிப் பச்சையாய் அரை விரல் முடி என்று
எழுதத் தோன்றுகிறது, இல்லை, கறுப்புத்தான்.
முடிதான் வந்தாச்சே, இனி எதுக்கு என்றேன்.
"குளிருது மேடம்."

திருப்பித் தந்த காரணம் என்ற கட்டத்தில்
குளிர் என்று எழுதினேன்.
இத்தனை வருடப் பதிவேட்டில்
அந்தச் சொல் அன்றுதான் முதலில்.

கையெழுத்துப் போட்டுவிட்டு உச்சியைத் திருப்பிப் பார்த்தாள்.
நாலைந்து நூல் மட்டும், கத்தரி நேர்த்தியாய்
வெட்டிய இடத்தில்.
"குஞ்சம் எங்க மேடம்?"

அதற்குக் கட்டம் இல்லை.
அவள் என் தலையைப் பார்த்தபடி நின்றாள்.
என்னுடையது பச்சை.
நான் அசைந்தால் அதுவும் அசையும்.