நாற்பத்தொரு கிராம்

அஞ்சலகம் அடைத்த பிறகு
கடிதத் தராசில் நான் கோழிக்குஞ்சு நிறுப்பதாக
யாராவது மேலிடத்துக்கு எழுதிப்போடலாம்.
எழுதினாலும் அந்தக் கடிதம்
என் பையிலேறித்தான் திருத்துறைப்பூண்டி போகவேண்டும்.

பொரித்து இருபத்தோரு நாள்.
ஒன்பது குஞ்சு நூறைத் தாண்டிவிட்டன.
சாம்பல் கழுத்துக்காரி மட்டும்
நாற்பத்தொரு கிராம்.
கனத்த கல்யாணப் பத்திரிகை ஒன்று அவ்வளவு இருக்கும்.

புழு என்றார் பை கட்ட வந்த கலியபெருமாள்.
வேப்பிலை அரைத்துப் புகட்டினேன்,
நாற்பத்திரண்டு.
மற்றதுகள் விரட்டுகின்றனவோ என்று
மீன்கூடையைக் கவிழ்த்துத் தனியே வைத்தேன்.
கத்திக் கத்தியே
ஏறின ஒரு கிராமையும் இறக்கிவிட்டது.
சகுபர் நாச்சியா எட்டிப் பார்த்து
முட்டையிலேயே குறை என்றாள்.
அடை வைத்த பத்தும் அவளிடம் வாங்கியதுதான்.

கழிச்சல் இல்லை.
எச்சமே இல்லை என்பது
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இத்தனைக்கும் முதலில் ஓடிவருவது அதுதான்.
கோரையாற்றுப் பாலத்து மில்லில் வாங்கிய நொய்யை
சிமெண்டுத் தரையில் இறைத்தால்
எல்லாம் ஒதுங்கிப் படுத்த பிறகும்
டக் டக் டக்கென்று
அதன் சத்தம் மட்டும் கேட்கும்.
தின்கிறதே, தின்கிறதே என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்திக்குக் கரண்டு போனது.
டார்ச்சை இடுக்கிக்கொண்டு
ஒவ்வொன்றாய்க் கூட்டுக்குள் விடுகையில்
கழுத்தடி இரைப்பை விரலில் பட்டது,
நறநறவென்று, நாவற்பழம் பருமனில்.
ஒன்பதுக்கும் அப்படி.
இதற்கு வெறும் தோல்.

அலகில் வெளிச்சம் போட்டேன்.
மேலலகு ஒரு மயிரளவு இடப்பக்கம் விலகி
சாணை பிடிக்காத கத்தரிபோலக்
கீழலகைத் தாண்டி நின்றது.
இத்தனை நாளும் கொத்தியது தரையை.
நொய் அந்த இடுக்கில் நிற்காமல் தெறித்து
பக்கத்துக் குஞ்சு வாய்க்குப் போயிருக்கிறது.

நகவெட்டியால் நறுக்கலாம் என்பார் கலியபெருமாள்.
அவரிடம் சொல்லவில்லை.
பழைய சோற்றைக் குழையப் பிசைந்து
டம்ளரில் பாதிக்கு வைத்தேன்.
கண்வரை முக்கி அள்ளியது.
நிமிரவேயில்லை.

ஒன்பது மணிக்குத் திருப்பூரிலிருந்து செந்தாமரை.
சாப்பிட்டேன் என்றாள், எப்போதும்போல.
என்ன, எவ்வளவு, யாரோடு என்று கேட்டேன்.
"என்னம்மா, தராசு வைக்கிறே?"
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் தட்டைத் துடைத்து ஏற்றினேன்.
நாற்பத்தாறு.
உள்ளே கிடக்கும் கஞ்சியின் கனமாகவும் இருக்கலாம்.
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.