அடுக்கம்பாறை ஸ்டாப்பிங்

பதினேழு வருஷமாய்க் கத்துகிற பெயர்.
பாகாயம் தாண்டியதும் விசில்,
"அட்கம்பாற, ஆஸ்பத்திரி இறங்கு."
இன்று காலை நானே இறங்கினேன்.
தணிகாசலம் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாய்
நிறுத்திவைத்தான்,
இரண்டு கையாலும் தொடையைப் பற்றி
என் மேலேயே நான் ஏறி
நிமிர்ந்து முடிக்கும் வரை.

எக்ஸ்ரே அறையில்
"குனிங்க, இன்னும் குனிங்க, மூச்சப் புடிங்க."
பிறகு, "பின்னால சாயுங்க."
முன்பெல்லாம் நேராக நிற்கச் சொல்லி எடுத்தார்கள்.
கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றேன்.
ஒன்றுமில்லை என்று எழுதித் தந்தார்கள்.
ஒன்றுமில்லை என்கிற காகிதத்தை நீட்டித்தான்
மூன்று வருஷம் டிப்போவில் லீவு கேட்டது.
கிளார்க் சிரித்ததில் தப்பே இல்லை.

இன்று இரண்டு படத்தையும்
வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகச் செருகினார்கள்.
குனிந்த நான். சாய்ந்த நான்.
நாலாவது எலும்பு
ஐந்தாவதின் மேல் முன்னே வழுக்கி
பின்னே வந்து உட்காருகிறது.
ஐந்து மில்லிமீட்டர்.
மூன்று ஒற்றை ரூபாயை அடுக்கினால்
ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

கீழே விழுந்த ஒற்றை ரூபாயை
எடுக்காமல் விட்டதற்கு
கண்ணமங்கலத்துப் பூக்காரி கேட்டாள்,
"இன்னா கண்டக்டரே, சில்லறன்னா கேவலமா?"
குனிய முடியும் அம்மா.
திரும்பி வருகிற வழியில், பாதியில்,
ஆணியில் சட்டை மாட்டிக்கொண்ட மாதிரி
ஏதோ பிடித்து இழுக்கும்.
எந்தக் குனிவில் என்பதுதான் தெரியாது.

நிலையின்மை என்றார் டாக்டர்.
டயர் தேய்ந்த வண்டி, எண்பது பேர்,
கம்பியைத் தொடாமல் நின்று டிக்கெட் கிழித்தவனிடம்.

வெட்கக்கேடு, சந்தோஷப்பட்டேன்.
வராந்தாவிலிருந்து போன் போட்டு
"இருக்குதாம்" என்றேன்.
"இன்னா இருக்குது?"
"வலி."
பூங்காவனம் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"நான் எப்ப இல்லன்னேன்."

ஸ்க்ரூ இப்போதைக்கு வேண்டாமாம்.
பிசியோ அறையில் ஜெசிந்தா
அடிவயிற்றில் என் விரலையே வைத்து
"இருமுங்க. இதுதான்.
இது தூங்கிடுச்சி, எழுப்பணும்.
மெதுவா உள்ள இழுத்து பத்து எண்ணுங்க,
மூச்சு மட்டும் நிக்கக்கூடாது."
சரியாகிவிடுமா என்றேன்.
"தெரியல. மூணு மாசம் செஞ்சி பாப்பம்."
தெரியல என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் சொல்லி
முதல்முறையாகக் கேட்கிறேன்.

வெளியே பன்னிரண்டு மணி வெயில்.
எதிர்க் குன்றில் பாறைமேல் பாறை,
இதோ உருளப்போகிறது என்கிற மாதிரியே
நான் பிறந்ததிலிருந்து.
நடுவில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ.
அதைக் குனியச் சொல்லி
யாரும் படம் எடுக்கவில்லை.

ஆரணி வண்டி வந்தது.
கண்டக்டர் புதுப் பையன், என்னைத் தெரியவில்லை.
"உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத."
போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
வயிற்றை உள்ளே இழுத்து, ஒன்று, இரண்டு.
கணியம்பாடிக்குள் நாலு பத்து முடித்தேன்.
ஐந்தாவதில், ஏழில்,
ஸ்பீடு பிரேக்கர்.