வானிலைக்காரி

ஞாயிறு இரவு, கிரிம்ஸ்பி.
மீன் ஆலையில் முதல் இடைவேளை.
ரப்பர் பூட்ஸோடு பத்துப் பேர்
சாப்பாட்டு அறை டி.வி. முன் நிற்கிறோம்.
உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

இந்த வாரம் ஹேசல் பிஞ்ச்பெக்.
இருபத்திரண்டு வருடம்
செய்தி முடிகிற நேரத்தில் வரைபடத்தின் முன் நின்று
"சாலையில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி,
மெதுவாகப் போங்கள்" என்று
எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள்.
இப்போது வெள்ளிச் சரிகை உடையில்
இரண்டு கத்திகள்மேல்
வேகமாகப் போகிறாள்.

சறுக்காமல் சறுக்க வேண்டும்.
போட்டி அவ்வளவுதான்.

"கை இன்னும் காற்றழுத்தத் தாழ்வைத்தான் காட்டுது"
என்றான் கிளைவ். சிரித்தோம்.
டோவிலே சிரிக்கவில்லை.
அவள் பார்வை ஜோடிக்காரன் மேல்:
யூஹானி, நாலு வயதிலிருந்து பனியில் கிடக்கிறவன்,
அவன் பெயரை அறிவிப்பாளர்
இருமுறை இரண்டு விதமாகத் தப்பாகச் சொன்னார்.
"தோளைப் பாரு," என்றாள்,
"தூக்கறதுக்கு முன்னாடியே
அவ விழறதுக்கு இடம் பண்ணி வச்சிருக்கான்."

நாற்பத்தோராவது நொடியில் விழுந்தாள்.
இசை மட்டும் நிற்காமல் ஓடியது.
அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும்:
ஈரத் தரையில் முழுப்பெட்டி காட் மீன்
கைநழுவுகிற சத்தம்.

யானைக்கும் அடி சறுக்கும்.
யானைக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.
இரண்டரை. மூன்று. இரண்டு.
மாடிப்படியில் உருண்டு வரும் ஃபிரிட்ஜ் என்றார்
நீலக் கண்ணாடி போட்ட நடுவர்,
தன் நகைச்சுவைக்குத் தானே கொஞ்சம் காத்திருந்து.
ஹேசல் தலையாட்டினாள்,
புயலைச் சொல்லும்போது புன்னகைப்பாளே,
அதே புன்னகை.

மறுநாள் பேப்பரில்
'இன்றைய முன்னறிவிப்பு: வீழ்ச்சி.'

அதற்கு முன், அந்த இரவில் நடந்தது இது:
அவள் வெளியேறுவாள் என்று
ஐந்து பவுண்டு பந்தயம் கட்டியிருந்த கிளைவ்
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி
விறைத்த விரலால், நான்கு தப்பு எண்ணுக்குப் பிறகு,
அவளுக்கே ஓட்டுப் போட்டான்.
என்னடா இது என்றேன்.
"ஒரு ஜனவரி.
அவ பேச்சைக் கேட்டு வீட்டுல இருந்தேன்.
வேன் என்னை விட்டுட்டுப் போச்சு."
மேலே சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.
உடைத்த பனிக்கட்டிக்குள் முழங்கைவரை போனோம்.

அடுத்த வாரமே அவள் வெளியேறினாள்.
கடைசியில் கோப்பை யாரோ ஒரு ஸ்னூக்கர்காரருக்கு.
அதைப் பார்க்க நாங்கள் நிற்கவில்லை,
ஹாடக் வரத்து அதிகம்.

அந்த ஞாயிறு விடிந்து ஆறு மணிக்கு
கார் நிறுத்துமிடம் முழுக்கக் கண்ணாடி.
யாரும் எச்சரித்திருக்கவில்லை.
சுவரைப் பிடித்துக் குட்டி அடி வைத்துப் போனோம்.
டோவிலே மட்டும் சுவரை விட்டாள்.
ஒரு காலைப் பின்னால் தூக்கி
மூன்று மீட்டர், நான்கு,
கிளைவின் பழைய வேன் கதவில் முட்டி நின்று
திரும்பி எங்களைப் பார்த்தாள்,
எவ்வளவு என்பதுபோல.

"இரண்டரை," என்றான் கிளைவ்.